டெங்கு என்று சொன்னேன்

முதலில் பல் தேய்த்த நுரை சிவந்தது.
பிரஷ் முரடு என்று
பதினைந்து ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன்.
அதுவும் சிவந்தது.

பிறகு கெண்டைக்காலில் புள்ளிகள்.
வடக்கு ரத வீதி ஜவுளிக்கடையில்
ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்குகிறவள் நான்.
நிற்கிற காலுக்கு என்னென்னவோ வரும்.
ஆனால் இது
சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது போல
அத்தனை பொடிசு, அத்தனை நெருக்கம்.
அழுத்தினால் மறையவில்லை.
சாயம் போகாத ரகம்க்கா என்று
கடையில் சொல்லும் வார்த்தை
வாய்வரை வந்தது.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய இடம்
அரைமணி நேரம் கசிந்தது.
"பிளேட்லெட் பதினெட்டாயிரந்தாம்மா இருக்கு."
ஒன்றரை லட்சமாவது வேண்டுமாம்.
பதினெட்டாயிரத்துக்கு முகூர்த்தப்பட்டு
பெண்வீட்டார் முன் விரித்துப் போட்டிருக்கிறேன்.
பதினெட்டாயிரம் என் ரெண்டு மாசச் சம்பளம்.
அந்தத் தொகையைக் குறைச்சல் என்று
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

"டிபி மாத்திரையை நடுவுல விட்டியா?"

விட்டேன்.
முக்கூடல் பக்கம் எங்க ஊரில் அம்மன் கொடை,
போய்வர ஒன்பது நாள்.
ஒரே பட்டாசலில் பதினாறு பேர் படுக்கிற வீட்டில்
வெறும் வயிற்றில் மூன்று மாத்திரையை
எந்த மறைவில் விழுங்க?
மூத்திரம் காவியாய்ப் போவதை
எந்த வேலி ஓரம் ஒளிக்க?
சின்ன மதினி கண்ணில் பட்டால்
சாமக்கொடைக்கு முன்பே என் தட்டு தனியாகிவிடும்.

பத்தாம் நாள்
ஒன்றும் நடக்காதது போல விழுங்கினேன்.
அதற்குள் உடம்பு
அந்த மருந்தைப் பகையாளியாக்கி
ஆள் சேர்த்து வைத்திருந்தது.
"ரெண்டு பேரு சண்டையில
வெலக்கப் போனவனுக்கு வெட்டு விழுமுல்லா,
அப்படித்தாம்ட்டி" என்றாள் ஜெபராணி சிஸ்டர்,
குத்தாத நரம்பைத் தேடிக்கொண்டே.

எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள்.
மத்தியானம் கடை மேனேஜர் போன்.
"முப்பிடாதி, என்னம்மா செய்யுது?"
"பிளேட்லெட் கொறஞ்சிட்டு சார்."
"டெங்குவா?"

ஒரு மூச்சு.

"ஆமா சார்."

இரண்டு மாதமாய் இருமலை
முந்தானைக்குள் மடித்து மடித்து வைத்தவளுக்கு
சத்தமாய்ச் சொல்ல ஒரு நோய் கிடைத்தது.
கொசுவுக்கென்ன,
கலெக்டரையும் கடிக்கும்.
பேட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறி
பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து
பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தாள்.
குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தாள்.
பொய்க்குத் தகுந்த கசப்பு.

நாற்பத்தோராயிரம். தொண்ணூற்றாறாயிரம்.
லட்சம் தாண்டிய அன்று
"எல்லாம் எங்க வீட்டு எலைதான்" என்றாள் பாத்திமுத்து.
சிவப்பு மாத்திரை ஆயுசுக்கும் ஆகாதென்று
அட்டையில் எழுதி அடிக்கோடு போட்டு
மற்றதை ஒவ்வொன்றாய்த் தொடங்கினார்கள்.
ஆறு மாதம் என்றது
ஒன்றரை வருஷமாய் நீண்டது.

வீடு வந்த மறுநாள் மாநகராட்சி ஆட்கள்.
"டெங்கு வந்த வீடு எதுங்க?"
கைநீட்டிக் காட்டினாள் பாத்திமுத்து, அக்கறையாக.
நாலு நாளைக்கொருதரம் வரும் ஆற்றுத்தண்ணியை
டிரம் டிரம்மாய்த் தெருவில் கவிழ்த்தார்கள்.
என்னை யாரும் ஏசவில்லை.
கொசுவை ஏசினார்கள்.
என் வாசலில் ஓடிய தண்ணீரைத் தாண்ட முடியாமல்
நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு புகை மருந்து.
டுர்ரென்று ஒரு மெஷின் தெருமுனையில் திரும்ப
ஆள் முகம் தெரியாத வெள்ளை.
டீக்கடைக்காரர் இருமினார்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருமின.
பாத்திமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.
கூட்டத்தோடு கூட்டமாய்
நானும் இருமினேன்,
வாயைப் பொத்தாமல்,
விலா நோக, ஆசை தீர.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.